கார்டுக் கடனும் காத்திருத்தலும்

பழைய கிரெடிட் கார்டின் பாக்கி தீருமுன் புதிய கார்டுக்கு விண்ணப்பித்து, பாங்கின் முடிவை எதிர்நோக்கி நிற்போர் நம் தேசத்தில் அநேகர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பாங்கு, 300 முதல் 900 வரையுள்ள ஸிபில் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. கடன் வரம்பில் பெரும்பகுதி பாக்கியாக நின்றால் அம்மதிப்பெண் தாழும். பாக்கி விவரமோ, 2025 ஜனவரி முதல் பதினைந்து நாட்களுக்கொருமுறையேனும் ஸிபிலுக்குப் போய்ச் சேருகிறது.

நிற்க, தவணை தவறியோரிடம் வருஷத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்கலாகாதென்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ல் அளித்த தீர்ப்பை, ஸுப்ரீம் கோர்ட் 2024 டிஸம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டுப் புதிய கார்டு வந்து காப்பாற்றுமென்றிருப்பது மதியீனம். காத்திருக்கும் நாட்களில் புதுச்செலவை நிறுத்திப் பாக்கியை அடைப்பதே முறை. கடனைக் கடனால் அடைப்பவன் சுதந்திர புருஷனாகான் என்பதே நமது அபிப்பிராயம்.