பீரோவில் உறங்கும் கேமரா

வீடு திரும்பும் நாளில் எங்கள் இதயநோய்ப் பிரிவு தரும் சுருக்கத்தாளைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மாத்திரைப் பட்டியலுக்குப் பின் வருபவை பெரும்பாலும் விலக்குகளே. உப்பைக் குறைக்க வேண்டும், புகை கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சில வாரங்களுக்கு வண்டி ஓட்டக் கூடாது. இவை அனைத்தும் தேவையானவை. ஒன்றையும் தளர்த்த நாங்கள் முன்வரவில்லை. ஆனால் என்ன செய்யலாம் என்பதற்கு அத்தாளில் ஒரே ஒரு வரிதான் உண்டு: 'தினமும் நடைப்பயிற்சி.' இருபத்து நான்கு மணி நேரத்தில் அந்த வரி அரைமணியை நிரப்பும். எஞ்சிய பொழுது?

எஞ்சிய பொழுதில் பெரும்பாலோர் கூடத்து நாற்காலியில், தொலைக்காட்சிக்கு எதிரே இருக்கிறார்கள். நோயுற்றவரை நலம் விசாரிக்க வருவதை நம் மொழியில் 'பார்க்க வருதல்' என்கிறோம். சொல் மிகப் பொருத்தமானது. மருத்துவமனையில் நாங்கள் பார்க்கிறோம், செவிலியர் பார்க்கிறார், திரையில் ஓடும் இதயத் துடிப்பை யாரோ பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் உறவினர் பார்க்க வருகிறார்கள். அவர் தட்டில் என்ன விழுகிறது என்பதை மனைவி பார்க்கிறார். மூச்சு வாங்குகிறதா என்று மகன் பார்க்கிறார். வாரக்கணக்கில் பிறர் பார்வைக்கு மட்டுமே பொருளாக இருக்கும் மனிதர் மெல்ல மெல்லத் தாமாக எதையும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். மாரடைப்புக்கு ஆளானவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு ஏற்படுகிறது. அத்தகையோர் மாத்திரையையும் நடையையும் கைவிடுவதை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். அதனால் இதனைச் சிறிய செய்தியாக எங்களால் கருத இயலவில்லை.

இங்கேதான் பீரோவில் உறங்கும் அந்தக் கேமராவைப் பற்றிப் பேச விரும்புகிறோம். குழந்தை பிறந்தபோதோ, வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தபோதோ, பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் பல வீடுகளுக்குள் ஓர் எண்முறைக் கேமரா வந்து சேர்ந்தது. கைப்பேசி வந்ததும் அது துணிகளுக்கு அடியில் போய்விட்டது. அதனை வெளியே எடுங்கள் என்பதே எங்கள் கருத்து. புதியது வாங்க வேண்டா என்பது அக்கருத்தின் மறுபாதி. சிகிச்சைச் செலவில் தளர்ந்து நிற்கும் குடும்பம் மாதத் தவணையில் கேமரா வாங்குவதை நாங்கள் எவ்வகையிலும் ஆதரிக்க மாட்டோம். அதற்குத் தேவையும் இல்லை. 2006-இல் வெளிவந்த நிக்கான் டி40 கேமராவில் 6 மெகாபிக்சல்களே உண்டு. இன்றைய விளம்பரங்களைக் கண்டவர்களுக்கு அது நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும் அதன் படத்தை 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்ட தாளில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 250 புள்ளிகள் கிடைக்கின்றன. சுவரில் மாட்ட அது தாராளமாகப் போதும். இருளில் படம் எடுப்பதில் பழைய கேமராக்கள் பின்தங்கியவை என்பது உண்மை. எங்கள் நோயாளிகள் நல்ல வெளிச்சத்தில் வெளியே போக வேண்டும் என்று விரும்பும் எங்களுக்கு அக்குறை ஒரு குறையாகவே படவில்லை.

'கைப்பேசியே போதாதா?' என்று கேட்பார்கள். படத்தின் தரத்தைப் பொறுத்தவரை போதும். அதை வைத்துத் தொடங்குவோரை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் கைப்பேசிக்குள்தான் ஸ்கேன் அறிக்கை இருக்கிறது, காப்பீட்டு நிறுவனத்தின் குறுஞ்செய்தி இருக்கிறது, 'இந்தச் சாற்றைக் குடித்தால் அடைப்பு கரையும்' என்று மூன்றாம் வீட்டு மாமா அனுப்பிய காணொலியும் இருக்கிறது. பழைய கேமரா மணியடிப்பதில்லை. ஒரு மைனா கிளை மாறுவதற்காகக் காத்திருக்கும் ஐந்து நிமிடங்களில் யாரும் குறுக்கிடுவதில்லை.

படச்சுருள் கேமராக்களைப் பற்றியும் ஒரு சொல். ஆக்ஃபா க்ளிக் III வைத்திருந்த தலைமுறையினர் சுருளுக்குப் பன்னிரண்டு படம் என்று எண்ணி எண்ணி எடுத்த நாள்களை இன்றும் எங்களிடம் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார்கள். எக்ஸ்ரே படத்தை ஒளிப்பெட்டியில் செருகிப் படிக்கப் பழகிய எங்களுக்கும் அந்த ஏக்கம் புரியாததன்று. எனினும் இன்று சுருளின் விலையும் கழுவும் கூலியும் சேர்ந்தால் அது மலிவான பொழுதுபோக்கு ஆகாது. எண்முறைக் கேமராவில் நூறு படம் எடுத்துத் தொண்ணூற்றெட்டை அழிக்கலாம், காசு போகாது.

தம்மால் வெளியே நடக்கவே இயலாது என்று சொல்பவர்களுக்கு யோசெஃப் சுதெக் என்பவரை அறிமுகப்படுத்துகிறோம். செக் நாட்டவர், 1896-இல் பிறந்தவர். புத்தகம் கட்டும் தொழில் பயின்ற அவர் முதல் உலகப் போரில் வலக் கையை இழந்தார். அதன்பின் ஒளிப்படக் கலையையே வாழ்வாகக் கொண்டார். 1940 முதல் 1954 வரை பிராக் நகரில் தாம் பணியாற்றிய சிறிய அறையின் சன்னலையே அவர் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்: கண்ணாடியில் படிந்த பனி, வழியும் நீர்த்துளிகள், வெளியே வளைந்து நிற்கும் ஒரு மரம். பல பத்தாண்டுகள் பழமையான கோடாக் கேமராவைக் கொண்டு அவர் எடுத்த அகன்ற நகரக் காட்சிகள் 1959-இல் நூலாக வெளிவந்தன. ஒரு கை, ஒரு சன்னல், ஒரு பழைய கருவி. சன்னல் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

மருத்துவர்கள் என்ற முறையில் சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. பைபாஸ் அறுவைக்குப் பின் மார்பெலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை பெரிய தொலைநோக்கு லென்ஸ், முக்காலி, தோள்பை ஆகியவற்றைத் தொட வேண்டா. சிறிய உடலும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸும் போதும். கேனன் நிறுவனம் 1990-இல் கொண்டுவந்த அவ்வகை மலிவு லென்ஸின் எடை 130 கிராம்தான். பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் வாரை மறுபக்கத் தோளில் மாட்ட வேண்டும்; தழும்பின் மீது அது உராயக் கூடாது. கருவி பொருத்தப்பட்ட பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதற்கு உங்கள் மருத்துவரின் அனுமதி வரும்வரை பொறுத்திருங்கள்.

நீரிழிவு உள்ளோர் காலணியின்றிப் படம் எடுக்கப் போகக் கூடாது. கண் கேமராவில் இருக்கும்போது கால் எதை மிதிக்கிறது என்பது தெரியாது. உணர்ச்சி குன்றிய பாதம் அதைச் சொல்லவும் சொல்லாது. நண்பகலில் தெப்பக்குளத்துக் கருங்கற்படியில் வெறுங்காலோடு நின்று, கொப்புளம் வெடித்த பின்னரே சுட்டது என்று அறிந்தவர்களுக்கு நாங்கள் மருத்துவம் பார்த்திருக்கிறோம். இரத்த அழுத்த மாத்திரை உண்போர் ஒரு பூவைப் படமெடுக்கக் குந்தியிருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எதையாவது பிடித்துக்கொண்டு மெதுவாக எழ வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னால் நடப்பது வேண்டவே வேண்டா. வெயிலுக்குமுன், காலை ஆறிலிருந்து எட்டுக்குள் வெளியே சென்று திரும்புவது உடலுக்கு நல்லது. ஒளியும் அப்போதுதான் அழகாக இருக்கிறது.

கண்ணாடி அணிவோர், பார்க்கும் துளையின் அருகிலுள்ள சிறிய சக்கரத்தைத் திருகித் தங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளலாம். அப்படியொன்று இருப்பதையே அறியாமல் 'என் கண்ணுக்கு எல்லாம் மங்கல்' என்று கேமராவை மூடி வைத்தவர்கள் பலர். கை நடுங்குவோர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, சுவரில் சாய்ந்து, மூச்சை மெல்ல வெளியே விட்டபடி பொத்தானை அழுத்தலாம். நொடியில் 250-இல் ஒரு பங்கு அல்லது அதனினும் விரைவான வேகத்தை வைத்தால் சிறு நடுக்கம் படத்தில் தெரியாது.

பழைய கேமரா வீட்டில் இல்லாதோர் பயன்படுத்தியதை வாங்கலாம். கைவிளக்கின் ஒளியை லென்ஸின் ஒருபுறம் பாய்ச்சி மறுபுறம் பாருங்கள். சிலந்தி நூல் போன்று தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஈரக் காற்றில், அதுவும் தோலுறைக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களில், அது எளிதில் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதே பாதுகாப்பு. மாத்திரைப் புட்டியில் வரும் குட்டிப் பொட்டலம் அதற்குப் போதாது! எஸ்.டி. கார்டு ஏற்கும் கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். பழைய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுகளைத் தேடி அலைய நேரும். முன்பு சொன்ன டி40-இன் உடலுக்குள் குவியத்துக்கான மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ் எனக் குறிக்கப்பட்டவை போன்ற, தமக்குள்ளேயே மோட்டார் கொண்ட லென்ஸ்கள்தாம் அதில் தானாகக் குவியும். கடைக்காரர் இதைச் சொல்லாமல் விடக்கூடும்.

உடனிருந்து கவனிப்போருக்கும் இதில் பங்குண்டு. மருந்து வேளையும் சமையலும் மருத்துவமனை வரிசையுமாகத் தேயும் மனைவியோ மகளோ வாரத்தில் இரண்டு காலைகள் அதே கேமராவைத் தாம் எடுத்துக்கொண்டு தனியே போகட்டும். அந்த ஒரு மணி நேரம் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறொருவர் முன்வர வேண்டும். இது சலுகையன்று, கவனிப்பவர் தளர்ந்தால் கவனிப்பும் தளர்கிறது. அதேவேளை, கேமரா மனச்சோர்வுக்கு மருந்தாகாது. உறக்கமின்மை, அழுகை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது நோயாளிக்காயினும் கவனிப்பவருக்காயினும், எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

வார்டுகளுக்குள் மட்டும் கேமரா வேண்டா. அடுத்த கட்டிலில் இருப்பவரும் ஒரு குடும்பத்தின் மனிதர். அவருடைய தோற்றம் நம் படத்துக்கு உரியதன்று. வெளியில் எடுத்த படங்களில் பிடித்தவை ஒன்றிரண்டைத் தாளில் அச்சிட்டு, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது இ.சி.ஜி. தாள்களோடு கொண்டுவாருங்கள். எங்கே நின்று எடுத்தீர்கள், அங்கு வரை நடந்தபோது மூச்சு வாங்கியதா என்று நாங்கள் கேட்போம்.