தாலாட்டில் திரும்பும் மொழி



ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகருக்கு எதிரே கடலில் ஒரு சிறு தீவு உண்டு. 1696-ஆம் ஆண்டு டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் அங்கே இறங்கினார். பூனையளவுள்ள பிராணிகள் ஏராளமாகத் துள்ளித் திரிவதைக் கண்டார். அவற்றைப் பெரிய எலிகள் என்று எண்ணி, தீவுக்கு 'எலிக்கூடு' என்று தம் மொழியில் பெயரிட்டுச் சென்றார். ராட்னெஸ்ட் என்று வழங்கி வருவது அப்பெயரே. அவை எலிகளல்ல, கங்காரு இனத்தைச் சேர்ந்த குவாக்காக்கள். வழிப்போக்கர் ஒருவர் செய்த பிழை முந்நூறு ஆண்டுகளாக உலகப் படத்தில் நிலைத்துவிட்டது. ஆனால் அத்தீவு அவர் வரும்வரை பெயரின்றிக் கிடந்ததில்லை. எதிர்க்கரையில் வாழும் நூங்கார் மக்கள் அதை வாஜெமப் என்பார்கள். நீருக்கு அப்பால் ஆவிகள் உறையும் இடம் என்பது பொருள்.

ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை முழுவதும் இம்மக்களின் தாயகம். நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் அங்கு வாழ்கின்றனர். ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தவர்கள். நிலத்தை 'பூஜா' என்றும், சூல்கொண்ட பெண்ணை 'பூஜாரி' என்றும் அவர்கள் அழைப்பதைக் கவனியுங்கள். ஊர்ப்பெயர்கள் பல 'அப்' என்று முடியும். இடம் என்று அதற்குப் பொருள். கோஜனப் என்றால் கற்கோடரி கிடைக்கும் இடம். மஞ்சிமப் என்பது மஞ்சின் என்னும் உண்ணத்தகும் கிழங்கு விளையும் இடம். பெயரைச் சொன்னாலே அங்கே என்ன கிடைக்கும் என்பது வழிநடப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

வெள்ளையர் குடியேற்றம் 1820-களின் பிற்பகுதியில் தொடங்கியது. வியப்பு யாதெனில், குடியேறியவர்கள் இப்பெயர்களில் பலவற்றை அழிக்கவில்லை. தங்கள் நாவுக்கு ஏற்றபடி திருத்தி, ரயில் நிலையப் பலகைகளிலும் தபால் முத்திரைகளிலும் எழுதி வைத்துக்கொண்டார்கள். பெயர் பலகையில் தங்கியது; அதைப் பொருளுணர்ந்து சொன்ன நாவுகளோ அடக்கப்பட்டன. வாஜெமப் தீவு 1838 முதல் 1931 வரை பூர்வகுடி ஆண்களையும் சிறுவர்களையும் அடைக்கும் சிறையாயிற்று. நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டு புதைக்கப்பட்டனர். அச்சிறைக் கட்டிடம் 2018 வரை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக இருந்தது என்பதை வாசித்தபோது எனக்கு மனம் கனத்தது.

1905-ஆம் ஆண்டுச் சட்டம், பதினாறு வயதுக்குட்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் அனைவருக்கும் அரசு அதிகாரி ஒருவரையே காப்பாளராக்கியது. பெற்ற தாய் இருக்கையிலேயே பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டனர். நூங்கார் மொழி பேசுவதே ஆபத்தை விளைவிக்கும் என்று அஞ்சிப் பல தாய்மார் தங்கள் பிள்ளைகளிடம் வாய்மூடினர்.

இதில் நம் திருச்சபையின் பங்கையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஸ்பெயின் நாட்டவரான புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ரொசெந்தோ சால்வதோ 1846-ல் பெர்த் நகருக்கு வடக்கே மறைபரப்புத் தளம் அமைக்கத் தொடங்கினார். கையில் காசில்லாதபோது, நகரில் பியானோ வாசித்து நிதி திரட்டினார்! நியூ நோர்சியா என்னும் அத்தளத்தைச் சூழ்ந்த மக்களின் பேச்சைக் கற்று, 1851-ல் ரோமையில் அச்சான தம் நூலில் சொற்றொகுதியொன்றைச் சேர்த்தார். இன்று அம்மொழியைத் தேடுவோருக்கு அது பழைய ஆதாரங்களுள் ஒன்று. எனினும் பிற்காலத்தில் அதே தளத்தின் பிள்ளைகள் இல்லங்களில், பெற்றோரைப் பிரிந்து எத்தனையோ நூங்கார் பிள்ளைகள் வளர்ந்தார்கள். சொற்களைக் குறித்து வைத்த திருச்சபையே, அச்சொற்கள் தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும் வழியை அடைத்த ஏற்பாட்டிலும் பங்குகொண்டது. முன்னதை மட்டும் பெருமையாகப் பேசுவது நேர்மையாகாது. திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1986-ல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் பூர்வகுடி மக்களைச் சந்தித்து, அவர்கள் தங்கள் பங்கை அளித்து, பிறர் அதை மகிழ்வுடன் ஏற்கும்வரை ஆஸ்திரேலியத் திருச்சபை முழுமை பெறாது என்ற கருத்தை உரைத்தார்.

அடங்கிய மொழி எங்ஙனம் மீள்கிறது? அகராதியால் மட்டும் மீள்வதில்லை. கெர்ஹார்ட் லேவ்ஸ் என்ற அமெரிக்க மொழியறிஞர் 1931-ஐ ஒட்டி, அல்பனி பகுதியில் முதியோர் சொல்லக் கேட்டுக் கதைகளை எழுதிக்கொண்டார். ஆனால் அவற்றை நூலாக்காமலே விட்டுவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அக்குறிப்புகள் வெளிப்பட்டன. நூங்கார் எழுத்தாளர் கிம் ஸ்காட்டும் விர்லோமின் குழுவினரும், அக்கதைகளைச் சொன்னவர்களின் வழித்தோன்றல்களைக் கூட்டினார்கள். தாளில் உறங்கிய வரிகளைச் சேர்ந்து உரக்கப் படித்தார்கள். உச்சரிப்பை முதியோர் நினைவோடு ஒத்துப்பார்த்தார்கள். தாங்களே படம் வரைந்தார்கள். இவ்வாறு 2011-ல் 'மாமாங்' என்ற நூல் வெளிவந்தது. மாமாங் என்றால் திமிங்கிலம். ஒருவன் திமிங்கிலத்தினுள் இறங்கி, தன் தந்தையின் பாட்டைப் பாடியபடி கடலைக் கடக்கிறான். நமக்கு யோனா இறைவாக்கினர் நினைவுக்கு வருவார். ஆனால் யோனா கடவுளிடமிருந்து தப்பி ஓடியவர், இவனோ விரும்பிப் புகுந்தவன்! குழுவினர் இக்கதைகளைப் பள்ளிகளுக்கும் கொண்டு சென்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

நாடக மேடையும் துணைக்கு வந்தது. 2020-ல் ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைத் தழுவி, முழுவதும் நூங்கார் மொழியிலேயே பெர்த் நகரில் நடித்தார்கள். சொந்தக் கதைகள் இருக்க ஆங்கிலேயர் கதை எதற்கு என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அரியணை ஆசையையும் கொலைகாரனின் மன உளைச்சலையும் தாங்கும் வலிமை தங்கள் மொழிக்கு உண்டென்று ஊரறியக் காட்டுவதற்கு, இதைவிட நேரான வழி ஏது?

எனினும் என் நெஞ்சைத் தொட்டது தாலாட்டுத்தான். பெர்த் நகரிலுள்ள சமூகக் கலை அமைப்பு ஒன்று, நூங்கார் குடும்பத்தினரை இசைக் கலைஞர்களோடு அமர்த்தி, தத்தம் குழந்தைகளுக்காகத் தாங்களே அம்மொழியில் தாலாட்டு இயற்றச் செய்தது. பாட வந்தவர்களில் பலர் தங்கள் தொட்டிலில் அம்மொழியைக் கேளாதவர்கள். பாட்டிகள் நினைவில் வைத்திருந்த சில சொற்கள், பழைய ஏடுகளில் கிடைத்த சில சொற்கள், ஆற்றுக்கும் குன்றுக்கும் உரிய பெயர்கள் இவற்றைக் கொண்டே ஒரு பாட்டு உருவாகிறது.

நகரின் நடுவே ஓடும் ஆற்றைப் படங்கள் ஸ்வான் ஆறு என்கின்றன. நூங்கார் மொழியில் அது டெர்பால் யெரிகன். ராட்னெஸ்ட் தீவின் பலகைகளில் வாஜெமப் என்ற பெயரும் இப்போது சேர்ந்துள்ளது. பலகையை அரசு எழுதிவிடும். அப்பெயரைத் தடுமாறாமல் சொல்லும் பிள்ளைகளை வளர்க்கும் வேலையைத் தாய்மாரும் பாட்டிமாரும் கையில் எடுத்திருக்கிறார்கள்.