‘கூட்டத்துக்குப் போய் எவன் குடியை விட்டான்?’

குடியை விட நினைக்கும் ஒருவரிடம், “பக்கத்தில் எங்கே ஏ.ஏ. கூட்டம் நடக்கிறது என்று விசாரியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் வாய் திறக்கும் முன்பே சுற்றியிருப்பவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்: “கூட்டத்துக்குப் போய் எவன் குடியை விட்டான்?” ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏ.ஏ. குடிநோயிலிருந்து மீள விரும்புபவர்கள் தமக்குத் தாமே நடத்திக்கொள்ளும் கூட்டம் அது. அதன் வாசல்வரைகூடப் பலரைப் போகவிடாமல் தடுக்கும் பேச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“மனசு வைத்தால் தானாக விட்டுவிடலாம்.”

மனசு வைக்காதவரா குடிநோயாளி? கோயிலில் கயிறு கட்டுகிறார், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். சபரிமலைக்கு மாலை போட்டால் விரதம் முடியும்வரை சொட்டுகூடத் தொடாதவர்கள் எத்தனையோ பேர். மாலையைக் கழற்றிய வாரமே பழைய கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நாட்களில் இருந்த உறுதி பிறகு எங்கே போனது? அப்போது குருசாமி இருந்தார், உடன் மாலை போட்டவர்கள் இருந்தார்கள், தினமும் மாலையில் போய் நிற்க ஒரு பஜனை இருந்தது. உறுதியைத் தாங்கிப் பிடித்த அந்தத் துணை போனதும் உறுதியும் சரிந்தது. ஏ.ஏ. கூட்டம் அந்தத் துணையை ஆண்டு முழுக்கத் தருகிறது.

“வெறும் பேச்சு நோயைத் தீர்க்குமா?”

1935 மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், அமெரிக்காவின் அக்ரான் நகருக்கு வந்த வேலை கைகூடாமல் ஓட்டலில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மதுக்கூடம் அருகிலேயே இருந்தது. அவர் தொலைபேசியை எடுத்து, இந்த ஊரில் வேறொரு குடிநோயாளியைச் சந்திக்க முடியுமா என்று தேடினார். தான் தப்பிக்க அவருக்கு இன்னொரு குடிநோயாளி தேவைப்பட்டார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அந்த ஆண்டு ஜூன் 10 அன்று மருத்துவர் கடைசியாகக் குடித்தார், அந்த நாளையே ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. உதவி பெறுபவரும் தருபவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு இது.

ஆய்வும் இதையே சொல்கிறது. 2020இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரை ஆராய்ந்தது. ஏ.ஏ. கூட்டங்களுக்கு முறையாக வழிகாட்டிய சிகிச்சையில், ஓராண்டு முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் 100க்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். எல்லோருக்கும் பலித்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனால் “எவனும் விட்டதில்லை” என்பது பொய்.

“ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.”

தெருவில் விழுந்து கிடப்பது ஊருக்குத் தெரியாததா? கூட்டத்தில் முழுப் பெயர் கேட்பதில்லை, சந்தா இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினர் ஆவதற்கான தகுதி. உள்ளே இருப்பவர்களும் அதே நோயோடு வந்தவர்கள்.

“அது கிறிஸ்தவ சமாச்சாரம்.”

பல கூட்டங்கள் தேவாலய வளாகத்தில் நடப்பதால் எழும் சந்தேகம் இது. இடம் கொடுப்பவர்கள் கூட்டத்தை நடத்துவதில்லை, ஏ.ஏ. எந்த மதத்தையும் சாராதது. மீள்வதற்கு அது வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவது உண்மைதான். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றே அங்கே சொல்லப்படுகிறது. அதுவும் ஒவ்வாதவர்களுக்குக் கடவுளைக் குறிப்பிடாத ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற அமைப்புகளும் உண்டு.

“சென்டரில் ஒரு மாதம் சேர்த்தால் சரியாகிவிடும்.”

மருத்துவம் கட்டாயம் வேண்டும். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பம், சில நேரம் மரணம்கூட நேரலாம். அதனால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் சிகிச்சை முடிந்து திரும்பும்போது அதே தெரு, அதே டாஸ்மாக், அதே நண்பர்கள் காத்திருக்கிறார்கள். சம்பள நாளன்று மாலை ஆறு மணிக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு மாத்திரையில் பதில் இல்லை.

“நம்ம ஊர்ப் பக்கம் அப்படி எதுவும் கிடையாது.”

தேடாமலே சொல்லப்படும் பதில் இது. 2019இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416, இரண்டிலும் விசாரிக்கலாம். ஏ.ஏ.வைத் தொடர்புகொண்டால் கூட்டம் தமிழில் நடக்கிறதா, குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குடிப்பவர் வர மறுத்தால் வீட்டார் அல்-அனான் கூட்டத்துக்குப் போகலாம். 1951இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொரு இடத்துக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதம். இந்த வாரமே விசாரியுங்கள். முதல் நாள் தனியே அனுப்பாமல் யாராவது கூடவே போங்கள்.