காணியை எழுதிக் கொடுத்துக் கற்கலாமா?

கல்வியே நமது முதல் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கின்றோம். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த தந்தை தன் மகனை மருத்துவனாக்கினான். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் வார்த்த கையே பிள்ளையின் விடுதிச் செலவையும் கட்டிற்று. அந்தப் பெருமையைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் இன்று, பட்டம் பெற்ற பிள்ளை முதுமாணிப் படிப்புக்கென்று இலண்டனுக்கோ தொரன்ரோவுக்கோ மெல்பேணுக்கோ புறப்படும்போது, வீட்டில் முதலாவதாகத் திறக்கப்படுவது உறுதிப் பெட்டியாக இருக்கின்றது. எதைப் படிப்பது, யாரிடம் படிப்பது என்ற கேள்விகள் எழுமுன்னரே, எந்தக் காணியை யாருக்கு எழுதுவது என்ற கேள்வி எழுந்துவிடுகின்றது. பெரும்பாலும் அது தாயின் சீதனக் காணி. நாளை தங்கைக்குச் சேரவேண்டியது. இந்த ஒழுங்கு தலைகீழானது என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

வெளிநாட்டுப் பட்டப்பின் படிப்பு யாவும் ஒன்றென எண்ணுவதிலேதான் தவறு தொடங்குகின்றது. கட்டணம் செலுத்திப் படிக்கும் முதுமாணி வகுப்பு ஒருவகை. பல்கலைக்கழகமே செலவேற்று அழைக்கும் ஆராய்ச்சிப் படிப்பு மற்றொருவகை. ஐக்கிய அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில், விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்க்கப்படுவோருக்குக் கட்டணம் தள்ளுபடி செய்யப்படுவதும், கற்பித்தலிலோ ஆராய்ச்சியிலோ துணைபுரிவதற்கு மாதப்படி வழங்கப்படுவதும் பொதுவழக்கம். 1959இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டமும், 1952 முதல் இலங்கையில் இயங்கும் புல்பிறைற் திட்டமும் நம் பிள்ளைகளுக்கும் திறந்தவையே. இவற்றுக்கு ஓராண்டுக்கு மேலான ஆயத்தம் வேண்டும். அந்த ஓராண்டைப் பொறுக்க மாட்டாமல் பத்துப் பரப்புத் தோட்டக்காணியை இழப்பது எந்தக் கணக்கில் இலாபமாகும்?

நாட்டைத் தெரிவதற்கு முன் ஆசிரியரைத் தெரியவேண்டும். நம்மவரான பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்காம் சென்றது அந்நகரின் பெயருக்காகவன்று. கிரேக்க இலக்கியத்தைச் சமுதாய வரலாற்றோடு சேர்த்து ஆய்ந்த ஜோர்ஜ் தொம்சன் அங்கே பேராசிரியராக இருந்தார். அவருடைய வழிகாட்டலில் பிறந்த ஆய்வே தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி 1968இல் ஒக்ஸ்போர்ட் பதிப்பாக வெளிவந்த ஆங்கில நூல். கரவெட்டியின் மைந்தர் பேராசிரியர் சிவத்தம்பியும் அதே ஆசிரியரிடமே சென்றார். கைலாசபதி பின்னர் 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதற் தலைவரானார். அவர் கொண்டுவந்த கல்வி நம் மண்ணில் விளைந்தது. இன்று புறப்படும் மாணவர் தமது துறையில் யார் என்ன எழுதியிருக்கின்றார் என்று வாசித்து, தமது ஆய்வு நோக்கத்தை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, அவருக்கு அனுப்பட்டும். பதில் வராவிடில் மற்றொருவருக்கு எழுதட்டும். இதற்குக் காணி வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல் போதும்.

அடுத்துத் தரகர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லாத் தரகரும் கள்வரென்று நாம் கூறோம். ஆயினும் பலருக்குக் கூலி கொடுப்பது மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்வி நிலையம் என்பதை மறக்கலாகாது. உமக்கு ஏற்றதையன்றித் தமக்குத் தரகு தரும் இடத்தையே அவர் புகழக்கூடும். 2023இல் கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். பஞ்சாப்பிலிருந்து சென்ற மாணவர் பலருக்குத் தரகர் கொடுத்த அனுமதிக் கடிதங்கள் போலி என்று, அவர்கள் அங்கு போய்ப் படித்து வேலையிலும் அமர்ந்த பின்னரே வெளியாயிற்று. நாடுகடத்தும் அபாயம் அவர்கள் தலைமேல் தொங்கிற்று. ஆதலால் கடிதம் கிடைத்ததும் பல்கலைக்கழகத்துக்கு நேரே எழுதி அது உண்மையானதா என்று உறுதிப்படுத்துங்கள்.

வட்டிக்கு வாங்கிய பணத்தைச் சில வாரம் வங்கியில் வைத்து, அதைத் தம் சொந்தச் சேமிப்பென்று எழுதிக் காட்டும் வழக்கமும் நம்மிடையே பரவியுள்ளது. பிரித்தானியா பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும் என்கின்றது என்றால், இருபத்தொன்பதாம் நாள் எடுத்துவிடலாம் என்று தரகர் காதில் ஓதுகின்றார். பொய்யாவணம் கண்டுபிடிக்கப்பட்டால் பிரித்தானியா 10 ஆண்டும் கனடா 5 ஆண்டும் கதவடைக்கும். தண்டனை அனுபவிப்பது மாணவர்; தரகர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

“அங்கே வேலைசெய்து கடனை அடைக்கலாம்” என்பது மற்றொரு மயக்கம். தவணைக் காலத்தில் பிரித்தானியாவில் வாரம் 20 மணித்தியாலம், கனடாவில் கல்லூரிக்கு வெளியே 24, அவுஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 என்பதே சட்டம் அளித்த எல்லை. அதைக்கொண்டு சோறும் வாடகையும் காணலாம்; கட்டணம் காண்பது அரிது. சட்டங்களும் நிலையானவையல்ல. முதுமாணி வகுப்பு மாணவர் குடும்பத்தை அழைத்துச் செல்லும் உரிமையைப் பிரித்தானியா 2024 சனவரியில் நீக்கிற்று. படிப்பின்பின் தங்கி வேலைசெய்யும் 2 ஆண்டுக் காலம், 2027 சனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகின்றது. கலாநிதிகளுக்கு மாத்திரம் 3 ஆண்டு எஞ்சியிருக்கின்றது. ரூபாவின் கதையோ நாம் யாவரும் பட்டது. 2022 மார்ச்சு முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வெங்காயம் நடுமுன் கிணற்று நீரைப் பார்க்கும் கமக்காரர், பிள்ளையின் இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு நீர் எங்கேயென்று பார்க்க வேண்டாமா?

இத்தனையும் எண்ணிய பின்னும் கடன்படத்தான் வேண்டுமெனில், சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்வோம். கடனுக்கு ஈட்டு உறுதி எழுதுங்கள். அறுதி உறுதி எழுதாதீர்கள். “பணம் தந்ததும் காணியைத் திருப்பி எழுதுவேன்” என்ற வாய்வார்த்தையை நம்பி அறுதி எழுதிக் கொடுத்தோர் பலர். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, காணி பற்றிய உடன்பாடு நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் இராவிடில் செல்லாது. சூழ்நிலையை நோக்கி நம்பிக்கைப் பொறுப்பு என்று நீதிமன்றம் கொள்ளும் வழக்குகளும் உண்டு. ஆனால் அதற்குள் பிள்ளை படித்துத் திரும்பி நரையும் கண்டுவிடுவான். ஈட்டில் காணி உங்களுடையதாகவே இருக்கும். தனிக் கடன்காரர் நீதிமன்றக் கட்டளை பெற்றே விற்கலாம். வங்கிகளுக்கோ 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வழக்கின்றியே ஏலமிடும் அதிகாரம் தந்திருக்கின்றது. ஆகவே வங்கிக் கடனாயினும் தவணையை அளந்தே ஏற்கவேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர்.

இனி இடம் கிடைத்த மாணவருக்குச் சில சொல்வோம். கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசியுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, எந்த நிபந்தனையில், கோடை மாதங்களுக்கும் உண்டா, மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு, விசா மறுக்கப்பட்டால் முற்பணம் திரும்புமா என்று எழுத்திலேயே கேளுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்ற பொது இணக்கப்படி, உதவித்தொகையோடு கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் விடை கூறும்படி மாணவரை நெருக்கலாகாது. ஆதலால் இரண்டு மூன்று அழைப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க உமக்கு உரிமையுண்டு. பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பையும், பெறுபேற்றுப் பத்திரங்களுக்கு அத்தாட்சியையும் காலத்தோடு பெறுங்கள். அற்றோணித் தத்துவம் எழுதுவதாயின் எக்காரியத்துக்கு, எக்காலம்வரை என்று வரையறுத்து எழுதுங்கள். விரிவுரையாளராயிருந்து படிப்பு விடுமுறையில் செல்வோர் எழுதும் பிணைமுறியை மறவாதீர்கள். நீர் திரும்பாவிடில் பணம் கட்டுவது உம்மை நம்பிக் கையொப்பமிட்ட உடன் ஆசிரியரே.

இறுதியாக, உத்தியோகத்தரையும் தொழில்வல்லாரையும் நோக்கி ஒரு வேண்டுகோள். அனுமதிக் கடிதத்தின் ஆங்கிலத்தை விளங்காத தந்தை தரகரிடம் போகின்றார் என்றால், அக்குறை நம்முடையதும் அன்றோ? ஊர்தோறும் வாசிகசாலை இருக்கின்றது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சட்டத்தரணி, ஒரு கணக்காளர், வெளிநாட்டில் படித்து வந்த ஓர் ஆசிரியர் ஆகிய மூவர் அங்கே அமரட்டும். புறப்பட இருக்கும் பிள்ளையின் கடிதத்தையும், கையொப்பமிட இருக்கும் உறுதியையும் கூலியின்றி வாசித்து விளக்கட்டும். வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் கட்டிடத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இத்தகைய மாணவருக்கு வட்டியில்லாக் கடனாக ஒதுக்கட்டும். இதற்கு அரசாங்கத்தின் அனுமதி எதுவும் வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் உலகின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்கத் தகுதியுடையவர்கள். அவர்கள் போகட்டும், வெல்லட்டும். திரும்பி வர விரும்பும் நாளில் அவர்கள் கால்வைக்கச் சொந்தக் காணியும் இங்கே இருக்கட்டும்.