சந்தா கேட்பதில் என்ன வெட்கம்?

தமிழில் இலக்கியம் பேசுகிறவர்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் விவாதிக்கலாம். சாதி, கடவுள், காமம், அரசு எதற்கும் கூச்சப்பட மாட்டார்கள். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் ஆளாளுக்கு மொபைலை எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு அரங்க வாடகை யார் தருவது, இதழை யார் நடத்துவது, மொழிபெயர்த்தவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு ஒருவர், "யாராவது ஸ்பான்சர் பிடிச்சுக்கலாம் தோழர்" என்பார். எல்லோரும் நிம்மதியாக டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கு எதிரானது.

நான் ஆம்பூர்க்காரன். எங்கள் பக்கத்தில் ஸ்பான்சர் என்றால் யார் என்று விளக்கத் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீளும் இந்த வட்டாரத்தில் பணம் என்றால் தோல்தான். காலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிகளுக்கு வருகின்றன. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடமா, விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பையா, ஆண்டு விழாவுக்கு மலரா, எல்லாவற்றுக்கும் கதவைத் தட்டுவது தொழிற்சாலை முதலாளிகளிடம்தான். அவர்களும் கொடுப்பார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியா கல்லூரி வந்ததற்குப் பின்னால் தோல் வியாபாரிகளின் காசு இருக்கிறது. அந்தக் காசில் படித்து மேலே வந்த தலைமுறைகள் இங்கே இருக்கின்றன. கொடையை மதிக்காதவன் இந்த ஊரைப் பற்றிப் பேச அருகதை இல்லாதவன்.

ஆனால் கொடையில் கட்டடம் கட்டலாம். கொடையில் வாய் திறக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் ஊரில் அந்த உப்பு கிணற்றுத் தண்ணீரிலேயே இருக்கிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பில் போடுவார்கள். அந்த உப்பும் பதனிடும்போது சேரும் ரசாயனங்களும் பல பத்தாண்டுகளாகப் பாலாற்றில் இறங்கின. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. தோல் பட்டறைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவுக்கோ பயிர் செய்யத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று உறுதிசெய்த தீர்ப்பு அது. இன்றைக்குச் சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லோரும் வேலூர் என்ற பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தத் தீர்ப்பின் கடைசியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவின் கட்டணத்துக்கும் கைச்செலவுக்கும் சேர்த்துத் தமிழக அரசு 50,000 ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஐந்து வருட வழக்கு, நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் எதிர்ப்பக்கம். இந்த மாதிரி ஒரு வேலையை எந்த ஸ்பான்சரிடம் போய்க் கேட்பீர்கள்?

கதை அதோடு முடியவும் இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வேலை தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், அங்கேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுங்கள், ஆற்றை மீட்டெடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இவ்வளவு நடந்த மண்ணில் இதைப் பற்றி எத்தனை நாவல் வந்திருக்கிறது, எத்தனை நல்ல கட்டுரை வந்திருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம். திறமை இல்லாததாலா? நான் நம்பவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினோம். பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் இருபதுகளில் இருந்தவர்கள். ஒரு வருடம் மலர் போடலாம் என்றோம். தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனிதர், நிறையப் படிக்கிறவர். உள்ளடக்கத்தைக் காட்டினோம். ஆற்றைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. "இது ஒண்ணு மட்டும் வேணாமே தம்பி" என்றார். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. பாய் வீட்டுத் தேநீர் அன்றைக்கும் நன்றாகவே இருந்தது. பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆளுக்கு நூறு ரூபாய் என்று நாற்பது பேரிடம் வாங்கினோம். வண்ண அட்டை போய்விட்டது, தாள் மட்டமானது, பக்கம் பாதியானது. ஆற்றுக் கட்டுரை முதல் பக்கத்தில் வந்தது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஸ்பான்சர் கிடைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்து சொன்னதால் எங்களுக்குத் தெரிந்தது. பல இடங்களில் யாரும் சொல்லவே வேண்டியதில்லை. எழுதுகிறவனே பேனாவை எடுக்கும் முன், "அண்ணன் என்ன நினைப்பாரோ" என்று யோசித்துவிடுகிறான். எழுதப்படாத கட்டுரைக்குச் சாட்சி கிடையாது.

இந்த ஊரில் சந்தா என்ற சொல்லுக்கு ஒரு கூடுதல் பொருள் உண்டு. உருதுவில் சந்தா என்றால் பலரிடமும் திரட்டும் பொதுப்பணம். பள்ளிவாசலுக்குச் சந்தா, ஏழை வீட்டுக் கல்யாணத்துக்குச் சந்தா. தமிழுக்கு வந்தபோது அது பத்திரிகைக்குக் கட்டும் கட்டணமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் தொழிற்சங்கக்காரர்கள் அந்தப் பழைய பொருளை விடவில்லை. அவர்களுக்குச் சந்தா என்பது உறுப்பினனின் கையெழுத்து மாதிரி.

1918இல் சென்னையில் பி அண்டு சி மில் தொழிலாளர்களை வைத்து, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் இன்னும் சிலரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1920இல் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கு எதிராகத் தடை வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடுமோ என்ற அந்த நிலையிலிருந்துதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. உறுப்பினர்கள் சந்தா கட்ட வேண்டும் என்பதைப் பின்னால் அந்தச் சட்டமே நிபந்தனையாக வைத்தது. எவ்வளவு தெரியுமா? 2001 திருத்தத்தின்படி கிராமப்புறத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 1 ரூபாய். ஆலைத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 12 ரூபாய். இதுதான் குறைந்தபட்சமாக இருந்தது. அந்தக் காசில் சங்கக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கக்கூட முடியாது. இருந்தும் சட்டம் அதைக் கேட்டது. ஒரு ரூபாய் கட்டியவன் கணக்குக் கேட்பான், கூட்டத்துக்கு வருவான், சங்கம் என்னுடையது என்பான்.

அதே சட்டத்தில் இருந்த 16ஆம் பிரிவு இன்னும் அழகு. அரசியல் காரியங்களுக்காகச் சங்கம் தனி நிதி வைத்துக்கொள்ள அது அனுமதித்தது. ஆனால் யாரையும் கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்றது. கட்டாதவனைச் சங்கத்தின் எந்தப் பலனிலிருந்தும் விலக்கக் கூடாது என்றும் சொன்னது. விரும்பியவர் கொடுக்கலாம், கொடுக்காதவரும் சமம். நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். நாம் இன்றைக்கும் "காசு கட்டினால்தான் படிக்கலாம்னு பூட்டு போடணுமா, இல்ல எல்லாத்தையும் சும்மா குடுக்கணுமா" என்று இரண்டே வழி இருப்பதுபோல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

"தமிழன் காசு கொடுக்க மாட்டான் பாஸ்" என்று ஒரு வாதம் உண்டு. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். மாசம் பிறந்தால் சீட்டுப் பணம் தவறாது. சீட்டில் பணம் திரும்பி வரும், இது வேறு என்பீர்கள். சரி, விருதுநகருக்குப் போவோம். அங்கே தினமும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை வீடு வீடாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசி வளர்த்ததுதான் காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா. ஒரு பிடி அரிசி யாரையும் பட்டினி போடவில்லை.

நம் பக்கம்தான் கணக்கு மோசம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கியபோது 2000 பிரதிக்கு மேல் அச்சிடப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த எண்ணிக்கையை அது ஒருநாளும் எட்டவில்லை. இருந்தும் 119 இதழ் கொண்டுவந்தார். புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றார். இதைத் தியாகம் என்று சொல்லிச் சொல்லி நாம் புல்லரித்துக்கொள்கிறோம். ஒருவர் தோளில் ஏற்றிய சுமையைப் பாராட்டுவதைவிட ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டிருக்கலாம். புல்லரிப்புக்குச் செலவில்லை, அதுதான் காரணம்.

மாறாக, 2005இல் ஈழத்து இளைஞர்கள் சிலர் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தைப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. உலகெங்கும் சிதறியிருப்பவர்களின் உழைப்பையும் நன்கொடையையும் வைத்து நூல்களையும் இதழ்களையும் வருடி ஏற்றுகிறார்கள். காசு கொடுக்காத நீங்களும் நானும் அதில் தாராளமாகப் படிக்கிறோம்.

நியாயமான ஒரு மறுப்பும் இருக்கிறது. பணக்காரர் ஒருவர் வாயை அடைப்பதுபோல் சந்தாதாரர் கூட்டமும் அடைக்குமே? "நான் சந்தா கட்டுறேன், எங்க ஆளுங்களைப் பத்தி எழுதாதே" என்று ஒருவர் கிளம்பலாமே? கிளம்புவார். ஐம்பது பேர் சேர்ந்துகூடக் கிளம்பலாம். ஆனால் நூறு ரூபாய்க்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் போவது நூறு ரூபாய். முழுச் செலவும் தருகிறவர் போனால் போவது இதழே. அந்த வித்தியாசத்தில்தான் ஆசிரியரின் முதுகெலும்பு இருக்கிறது.

அதனால் நடத்துகிறவர்களுக்கும் சில நிபந்தனைகள் வேண்டும். யாரிடமும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்காதீர்கள், பத்து மடங்கு தருகிறேன் என்று வந்தால் ஒன்பது பங்கைத் திருப்பிக் கொடுங்கள். வரவு செலவை மாதாமாதம் எல்லோர் முன்னும் வையுங்கள், பைசா சுத்தமாக. கொடுத்தவர் பெயரைத் தொகைவாரியாகப் போட்டு இன்னொரு கல்வெட்டு வைக்காதீர்கள். கொடுக்க முடியாத மாணவனுக்கு ஒரு வரிகூடக் குறையக் கூடாது. எழுதுகிறவருக்கு, சிறிதானாலும், கூலி கொடுங்கள்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான். வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் உங்களால் முடியும். ஒரு ஆம்பூர் பிரியாணியின் விலையை மாதம் ஒருமுறை, நீங்கள் உண்மையிலேயே படிக்கிற ஏதோ ஓர் இடத்துக்கு அனுப்புங்கள். எல்லா இடத்துக்கும் வேண்டாம், ஒன்றே ஒன்று. அனுப்பிய பிறகு கணக்குக் கேளுங்கள், சண்டை போடுங்கள், பிடிக்காத கட்டுரையைத் திட்டி எழுதுங்கள். அதற்கான உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. வேலை கிடைக்காதவர்கள் சும்மா படியுங்கள், உங்கள் முறை வரும்போது கட்டிக்கொள்ளலாம்.