சான்றிதழ் எடுத்தாச்சு, படிவம் 15?

நாலு கூட்டாளிகள் சேர்ந்து கம்பனி பதிஞ்சால், சான்றிதழின் படம் அண்டைக்கே முகநூலில் வந்துவிடும். அடுத்தடுத்த வருசங்களில் படிவம் 15 அனுப்பியாச்சோ எண்டு கேட்டால் ஆளையாள் பார்ப்பினம்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனிப் பதிவாளருக்கு அனுப்பவேண்டிய வருடாந்த அறிக்கைதான் அது. பங்குதாரர் ஆர், ஆரிட்ட எத்தனை பங்கு, பணிப்பாளர் ஆர் எண்ட விபரங்கள் அதில இருக்கும். "வருமானமே இல்லை, பிறகேன்?" எண்டு கேட்கிறவை கனபேர். வரிக் கணக்கு வேற, இது வேற. இது கம்பனி ஆருடையது எண்ட பதிவு. உழைப்பு இல்லாட்டியும் உரிமை இருக்குத்தானே.

எனக்கு அபராதத்தைவிடப் பெரிய பயம் ஒண்டு இருக்கு. எங்கட வயசில ஆரும் ஒரே இடத்தில நிக்கிறதில்லை. ஒருத்தர் கனடாவுக்குப் போவார், இன்னொருத்தருக்கு அரச வேலை கிடைக்கும். பணிப்பாளர் விலகினதைப் படிவம் 20 மூலம் 20 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காட்டி, திணைக்களப் பதிவில் அவர் இன்னும் பணிப்பாளர்தான். பிறகு காசு வந்து, பங்குக் கதை எழும்பினால், "நாங்கள் சிநேகிதர்தானே, எழுத்தில என்னத்துக்கு" எண்டு விட்டதுதான் சிநேகிதத்தையே முறிக்கும்.

கூட்டம் வைக்க ஆக்கள் ஊரில இல்லை எண்டதும் சாட்டில்லை. பங்குதாரர்கள் எழுத்துமூலத் தீர்மானத்தில் கையெழுத்திட்டுப் பொதுக்கூட்டத்தைத் தவிர்க்கவும் சட்டத்தில் இடமிருக்கு. "செயலாளர் பார்த்துக்கொள்வார்" எண்டு விடுறதும் சரிவராது. ஆர் விலகினது, ஆர் பங்கை மாத்தினது எண்டு நீங்கள் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?