தபால் வாக்கின் இரகசியம்

2004 நவம்பரில் இங்கிலாந்தின் வடகிழக்குப் பிராந்தியத்தில், பிராந்திய சபை தொடர்பான சர்வஜன வாக்கெடுப்பு முற்றிலும் தபால் மூலமே நடத்தப்பட்டது. 47.7 சதவீதத்தினர் வாக்களித்தனர், அவர்களில் 77.9 சதவீதத்தினர் யோசனையை நிராகரித்தனர். அதற்கு முன்னரே, ஓகஸ்ட்டில், முழுமையான தபால் வாக்களிப்பை எதிர்காலத்தில் கைவிடுமாறு அந்நாட்டுத் தேர்தல் ஆணைக்குழு பரிந்துரைத்திருந்தது.

பெரும் வித்தியாசம் காரணமாக முடிவில் ஐயம் எழவில்லை. ஆனால் வீட்டு மேசையில் அடையாளமிடப்படும் வாக்குச்சீட்டுக்கு மறைப்பு ஏது? குடும்பத் தலைவரின் பார்வையே அங்கு அழுத்தமாகிவிடும்.

எமது நாட்டில் தபால் வாக்காளர்களான அரச ஊழியர்களும் பொலிஸாரும் படையினரும் அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில் வாக்களிக்கின்றனர். வீட்டு அழுத்தம் இங்கில்லை. எனினும் பணியிடத்தில் மேலதிகாரியின் நிழல் உண்டு. தபால் வாக்குகளின் முடிவுகள் மாவட்ட ரீதியில் தனியாக வெளியிடப்படுவதால், ஒரு வகுப்பினரின் விருப்பமும் பகிரங்கமாகின்றது.

அரசியலமைப்பின் முக்கிய உறுப்புரைகளை மாற்றுவதற்குச் சர்வஜன வாக்கெடுப்பு அவசியம். பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்த 1982 டிசம்பர் வாக்கெடுப்பு அச்சுறுத்தல், முறைகேடு பற்றிய புகார்களால் களங்கமுற்றதை நாம் மறப்பதற்கில்லை. இனியொன்று வருமாயின், பணியிடங்களில் மறைவான வாக்களிப்பு இடமும் கண்காணிப்பாளர்களும் இருத்தல் வேண்டும். தபால் வாக்குகள் ஏனைய வாக்குகளுடன் கலந்தே எண்ணப்படல் வேண்டும். அச்சமின்றி அளிக்கப்படாத வாக்கு மக்கள் தீர்ப்பாகாது.